வளைவுகளைக் கற்றவர்: நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கை



சதுரங்கத்தில் நம்மவர் யார் என்று கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் விஸ்வநாதன் ஆனந்த் என்று உடனே சொல்லிவிடுவார்கள். கார்ப் பந்தயத்தில் யார் என்று கேட்டால் சற்றுத் தயங்குவார்கள். தொலைக்காட்சியில் ஃபார்முலா ஒன் பந்தயம் தவறாமல் பார்க்கும் பிள்ளைகளுக்குக்கூட வெளிநாட்டு ஓட்டுநர்களின் பெயர்கள்தான் வாயில் வருகின்றன. கோயம்புத்தூரில் வளர்ந்த ஒருவர் அதே பந்தயத்தில் ஓட்டிப் புள்ளிகள் பெற்றார். பின்பு அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தய உலகிலும் இறங்கினார். நம் தில்லிக்குப் பக்கத்திலேயே, கிரேட்டர் நொய்டாவில், உலக ஓட்டுநர்களுடன் சேர்ந்து ஓட்டினார். அவர்தான் நரேன் கார்த்திகேயன்.

நான் பொறியியல் டிப்ளமோ படித்து ரயில்வேயில் பாதைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். பந்தயம் எனக்குத் தொழில் அல்ல. ஆனால் வேகமாக வரும் வண்டியை வளைவில் பத்திரமாகத் திருப்பிவிடுவது எப்படி என்பதுதான் பணிக்காலம் முழுவதும் என் கவலை. அந்தக் கண்ணோடு இவருடைய வாழ்க்கையைப் பார்த்தபோது நம் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லத்தக்க பாடம் ஒன்று அதில் இருப்பதாகத் தோன்றிற்று. அதை இங்கே எழுதுகிறேன்.

ஸ்டாக் கார் என்றால் என்ன?

கடைக்காரர் 'ஸ்டாக் இருக்கிறது' என்கிறாரே, அதே ஸ்டாக்தான். பந்தயத்துக்கென்று தனியாகச் செய்யாமல், விற்பனைக்கு வைத்திருக்கும் சாதாரணக் காரை எடுத்து ஓட்டுவது என்ற எண்ணத்தில் அமெரிக்காவில் தோன்றியது ஸ்டாக் கார் பந்தயம். அதை முறைப்படுத்தி நடத்த 1948இல் நாஸ்கார் என்ற அமைப்பு ஏற்பட்டது. இன்று அந்தக் கார்கள் வெளித்தோற்றத்தில்தான் கடைக் காரைப் போல இருக்கும். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டும் பந்தய இயந்திரமும் கொண்டவை. கார்களைப் போலவே பிக்கப் டிரக் வண்டிகளுக்கும் 1995 முதல் தனிப் பந்தய வரிசை நடக்கிறது.

ஃபார்முலா ஒன் கார் இதற்கு முற்றிலும் வேறு. கூரை கிடையாது, சக்கரங்கள் வெளியே நிற்கும், ஒருவர் மட்டுமே உட்காரலாம். 2005ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார் ஓட்டுநரையும் சேர்த்து ஏறத்தாழ 600 கிலோ. நாஸ்கார் டிரக்கோ ஏறத்தாழ 1500 கிலோ. ஒன்றில் கற்றதை மற்றொன்றில் அப்படியே பயன்படுத்த முடியாது. இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கோவையில் தொடக்கம்

நரேன் பிறந்தது 1977 ஜனவரி 14. கோவை ஸ்டேன்ஸ் பள்ளியில் படித்தவர். தந்தையார் ஜி.ஆர். கார்த்திகேயன் அவர்களே தேசிய ராலி சாம்பியனாக விளங்கியவர். ஆகவே வீட்டிலேயே இயந்திர எண்ணெய் வாசனை இருந்தது.

தமிழ்நாட்டுக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்றில், பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. அவற்றை நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தடம் அமைந்தது.

இங்கே இன்னொரு கோவைக்காரரையும் சொல்ல வேண்டும். லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன், பணம் படைத்தவர்கள் மட்டுமே பந்தயம் ஓட்ட முடியும் என்ற நிலையை மாற்ற விரும்பினார். 1980களின் இறுதியில், மாருதி 800 காரின் இயந்திரத்தைக் கொண்டு குறைந்த செலவில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற அந்த வகைக் கார்தான் பல இளைஞர்களுக்கு முதல் வகுப்பாக இருந்தது. நரேனும் ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதியில்தான் தொடங்கினார். முதல் பந்தயத்திலேயே முதல் மூவரில் ஒருவராக வந்தார். கரிவரதன் 1995இல் விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆக, நரேன் திடீரென்று தோன்றியவர் அல்லர். ஒரு கிளப், ஒரு தடம், மலிவான ஒரு கார், கற்றுக்கொடுக்க ஒரு பெரியவர் என்று இத்தனையும் ஊரில் முன்பே இருந்தன.

படிப்படியாக

1992இல், பதினைந்து வயதில், பிரான்ஸ் நாட்டில் உள்ள வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்குச் சென்றார். அடுத்த ஆண்டு ஒருபுறம் இந்தியாவில் ஃபார்முலா மாருதி, மறுபுறம் இங்கிலாந்தில் ஃபார்முலா வாக்ஸ்ஹால் ஜூனியர். 1994இல் இங்கிலாந்தில் குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் சாம்பியன் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். 1996இல் ஃபார்முலா ஆசியா தொடரின் சாம்பியன் ஆனார். அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆசியரும் அவர்தான்.

இதோடு நேரே மேலே போய்விடவில்லை. 1998 முதல் 2000 வரை பிரிட்டிஷ் ஃபார்முலா த்ரீயில் ஓட்டினார். 2001இல் ஜப்பானில் ஃபார்முலா நிப்பான். அதே ஆண்டு ஜூன் மாதம் சில்வர்ஸ்டோன் தடத்தில் ஜாகுவார் அணியின் காரைச் சோதனையாக ஓட்டி, ஃபார்முலா ஒன் காரை ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெயர் பெற்றார். ஆனால் பந்தய இடம் கிடைக்கவில்லை. மேலும் மூன்று ஆண்டுகள் ஐரோப்பாவில் வேறு தொடரில் ஓட்டிக் காத்திருந்தார். 2005இல்தான் ஜோர்டன் அணியில் இடம் கிடைத்தது. டாடா நிறுவனத்தின் ஆதரவு அவருக்கு இருந்தது. 2005 மார்ச் 6, ஆஸ்திரேலியாவில் முதல் பந்தயம், பதினைந்தாவது இடம். அப்போது வயது 28. பதின்மூன்று ஆண்டுகள் படிகள் ஏறியிருக்கிறார்.

இந்தப் பயணத்தில் ஒவ்வொரு மாற்றத்திலும் நாடு மாறிற்று, கார் மாறிற்று, தடம் மாறிற்று. ஃபார்முலா ஆசியா சாம்பியன் என்ற பட்டத்தோடு இங்கிலாந்துக்குப் போனவர் அங்கே மறுபடியும் கீழ்ப்படியில்தான் நின்றார்.

வளைவின் கணக்கு

அடுத்த கட்டத்துக்குப் போகுமுன் சிறிது பொறியியல் பார்ப்போம். வாளியில் தண்ணீர் வைத்து வேகமாகச் சுழற்றினால் வாளி வெளிப்பக்கம் இழுக்கும் அல்லவா? வளைவில் திரும்பும் ரயிலையும் அப்படித்தான் வெளிப்புறம் தள்ளும். அதைச் சமாளிக்க வெளிப்பக்கத் தண்டவாளத்தை உட்பக்கத்தைவிடச் சற்று உயர்த்தி அமைக்கிறோம். இதற்கு ரயில்வேயில் கேன்ட் என்று பெயர்.

எவ்வளவு உயர்த்துவது? நம் அகலப் பாதைக்கு ஒரு கணக்கு உண்டு. மணிக்கு எத்தனை கி.மீ. வேகம் என்பதை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 1750ஆல் பெருக்க வேண்டும். வளைவின் ஆரத்தை மீட்டரில் எடுத்து 127ஆல் பெருக்கி, அந்தத் தொகையால் முன்னதை வகுத்தால் உயரம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 875 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 100 கி.மீ. வேகத்துக்கு ஏறத்தாழ 157 மி.மீ. வரும். முக்கியமான தடங்களில் அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 165 மி.மீ. அதற்கு மேல் உயர்த்தினால் மெதுவாகப் போகும் சரக்கு ரயிலுக்கும் வளைவில் நின்றுவிட்ட வண்டிக்கும் தொல்லை.

அமெரிக்க ஸ்டாக் கார் தடங்களிலும் இதே தத்துவம்தான், ஆனால் அளவு மலைக்க வைக்கும். டேடோனா தடத்தின் வளைவுகள் 31 டிகிரி சரிவு கொண்டவை. நம் பாதையில் அந்தச் சரிவை அமைத்தால் ஒரு தண்டவாளம் மற்றொன்றைவிடச் சுமார் 900 மி.மீ. உயரத்தில் இருக்கும்! நின்ற வண்டி கவிழ்ந்துவிடும்.

சரிவு இருந்தால் வேகமாகத் திரும்பலாம். ஆனால் இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை. அந்த வேகத்தில் வண்டி தரையோடு அழுத்தப்படுகிறது. அந்தப் பாரம் முழுவதையும் தாங்குவது டயர். இதைப் புரிந்துகொண்டால் நரேன் வாழ்வின் மிக முக்கியமான பந்தயம் புரியும்.

ஆறு கார்கள் ஓடிய பந்தயம்

2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். அங்கே ஃபார்முலா ஒன் தடத்தின் கடைசி வளைவு பழைய நீள்வட்டத் தடத்தின் பகுதி. சுமார் 9 டிகிரி சரிவு. கார்கள் முழு வேகத்தில் பாய்ந்து செல்லும் இடம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் காரில் இடது பின்சக்கர டயர் பழுதாகி, அந்த வளைவில் கார் சுவரில் மோதிற்று. அது மிஷ்லின் டயர். அந்த வளைவில் தங்கள் டயர் பந்தயம் முழுவதும் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என மிஷ்லின் நிறுவனம் அறிவித்துவிட்டது. அந்த ஆண்டு விதிப்படி ஒரே ஜோடி டயர்களில்தான் பந்தயத்தை முடிக்க வேண்டும். முடிவில் மிஷ்லின் டயர் பூட்டிய 14 கார்களும் அணிவகுப்புச் சுற்றோடு உள்ளே திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஃபெராரி, ஜோர்டன், மினார்டி அணிகளின் ஆறு கார்கள் மட்டுமே ஓடின. ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே 73 சுற்றுகளையும் ஓட்ட வேண்டியிருந்தது. நரேன் நான்காவதாக வந்தார். ஐந்து புள்ளிகள். ஃபார்முலா ஒன்னில் இந்திய ஓட்டுநர் ஒருவர் இதுவரை பெற்ற புள்ளிகள் அவை மட்டுமே.

"ஆறு பேரில் நான்காவது, இதில் என்ன பெருமை?" என்று நண்பர்கள் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். இருபது கார்களும் ஓடியிருந்தால் அந்த இடம் கிடைத்திருக்காது என்பதை மறைக்க வேண்டியதில்லை. முன்னால் வந்த மூவரில் ஒருவர் அவருடைய அணித் தோழர் டியாகோ மான்டீரோ என்பதும் உண்மை. ஆனால் என் தொழிலில் பார்த்தது ஒன்று. மழையிலும் பனியிலும் பல வண்டிகள் ரத்தாகும் நாளில், வந்து சேர்ந்த வண்டியைத்தான் பதிவேட்டில் எழுதுவார்கள். அன்று அந்த இடத்தில் இருக்கும் தகுதியைப் பெற பதின்மூன்று ஆண்டு உழைப்பு வேண்டியிருந்தது. அந்த ஆறு பேரும் காரைச் சுவரில் மோதாமல் கடைசிச் சுற்றுவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். அதற்கு உரிய மதிப்பை, கூட்டாமலும் குறைக்காமலும், கொடுத்தால் போதும்.

மீண்டும் மாணவராக

ஜோர்டன் அணியில் ஓராண்டோடு இடம் போயிற்று. 2006இல் வில்லியம்ஸ் அணியில் சோதனை ஓட்டுநரானார். பிறகு நாடுகளுக்கிடையிலான ஏ ஒன் பந்தயத்தில் இந்திய அணிக்காக ஓட்டி, 2007 டிசம்பரில் சீனாவின் ஜுஹாயிலும் 2008இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்சிலும் வெற்றி தேடித் தந்தார். 2010இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

விருது கிடைத்தபின் மேடையில் அமர்ந்துவிடுவது எளிது. அவரோ அதே 2010 மார்ச் மாதம், 33ஆம் வயதில், அமெரிக்காவின் மார்ட்டின்ஸ்வில் தடத்தில் நாஸ்கார் டிரக் பந்தயத்தில் புதியவராக நின்றார்.

மார்ட்டின்ஸ்வில் மிகச் சிறிய தடம். ஒரு சுற்று 0.526 மைல்தான். காகிதம் செருகும் கிளிப் போன்ற வடிவம். இரண்டு நேர்பாதைகள், இரு முனையிலும் இறுக்கமான திருப்பம். சரிவு 12 டிகிரி. எப்போதும் இடப்பக்கம்தான் திருப்ப வேண்டும். ஸ்டாக் கார் அணிகள் இதற்காக வலப்பக்க டயர்களைச் சற்றுப் பெரிதாகப் பொருத்துவார்கள்; வண்டி தானாகவே இடப்பக்கம் சாயும். ரயில் சக்கரத்தின் விளிம்பை நாம் 1க்கு 20 என்று சரிவாகக் கடைவதும் இதே காரணத்துக்குத்தான். வளைவில் வெளிச்சக்கரம் தன் பெரிய சுற்றளவில் உருண்டு அதிகத் தூரத்தைக் கடக்கும்.

ஃபார்முலா ஒன்னில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் விரலால் தட்டினால் கியர் மாறும். இங்கே கையால் கம்பியைப் பிடித்து மாற்ற வேண்டும். அங்கே கார்பன் பிரேக், தொட்டால் நிற்கும். இங்கே இரும்புத் தட்டு. பார்த்துப் பயன்படுத்தாவிட்டால் பாதிப் பந்தயத்தில் சூடேறிக் கைவிட்டுவிடும். அங்கே மற்றொரு காரைத் தொட்டாலே ஆபத்து. இங்கே உரசிக்கொண்டு போவது அன்றாடம். சுற்றிலும் என்ன நடக்கிறது என்று ஓட்டுநருக்குச் சரியாகத் தெரியாது. அரங்கின் உச்சியில் நின்று ஒருவர் ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் குரலை நம்பி ஓட்ட வேண்டும்.

இத்தனையும் புதிதாகக் கற்று, முப்பதுக்கும் மேற்பட்ட வண்டிகளில் பதின்மூன்றாவதாக முடித்தார். நாஸ்கார் தேசியத் தொடரில் ஓட்டிய முதல் இந்தியர் அவர். அந்தத் தொடரில் வெற்றி எதுவும் பெறவில்லை. ஆயினும் அந்த ஆண்டின் மக்கள் மனம் கவர்ந்த டிரக் ஓட்டுநராக ரசிகர்கள் வாக்களித்து அவரையே தேர்ந்தெடுத்தார்கள்.

கிரேட்டர் நொய்டாவில்

2011இல் ஹிஸ்பானியா என்ற சிறிய அணி அவரை மீண்டும் ஃபார்முலா ஒன்னுக்கு அழைத்தது. ஆண்டின் நடுவில் இடம் வேறொருவருக்குப் போயிற்று. ஆனால் அக்டோபர் 30ஆம் தேதி, புத்த சர்வதேசத் தடத்தில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரிக்ஸில் ஓட்டும் வாய்ப்பு கிடைத்தது. 5.125 கி.மீ. தடம், 60 சுற்றுகள். வென்றவர் செபாஸ்டியன் வெட்டல். பின்வரிசைக் கார் ஒன்றில் நரேன் பதினேழாவதாக முடித்தார். ஆண்டின் நடுவில் அணிக்கு வந்த டேனியல் ரிக்கியார்டோ அவருக்குப் பின்னால்தான் வந்தார். அந்த ரிக்கியார்டோ பிற்காலத்தில் எட்டு கிராண்ட் பிரிக்ஸ்களை வென்றவர்.

இந்தியப் பந்தயம் 2011, 2012, 2013 என்று மூன்று ஆண்டுகளே நடந்தது. இது விளையாட்டா, கேளிக்கையா என்ற வரித் தகராறு பெரிதாகி நின்றுபோயிற்று. நரேன் நிற்கவில்லை. 2014 முதல் 2018 வரை ஜப்பானில் சூப்பர் ஃபார்முலா ஓட்டினார். 2019 நவம்பரில், 42 வயதில், ஜப்பானின் ஃபுஜி தடத்தில் ஜப்பானிய, ஜெர்மானியக் கார்கள் சேர்ந்து ஓடிய சிறப்புப் பந்தயம் ஒன்றில் முதலாவதாக வந்தார்.

நமக்கு என்ன பாடம்?

முதலாவது, மறுபடியும் கற்கத் தயங்காமை. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இது நன்றாகவே விளங்கும். ஊரில் வகுப்பிலேயே முதல் மாணவனாக இருந்த பிள்ளை, அப்பாவின் மாற்றலால் தில்லிக்கு வந்து ஹிந்தியை எழுத்துக் கூட்டிப் படிக்கும்போது கூனிக் குறுகிவிடுகிறது. "நான் முட்டாளாகிவிட்டேனா அம்மா?" என்று கேட்கிறது. அந்தப் பிள்ளையிடம் மார்ட்டின்ஸ்வில் கதையைச் சொல்லுங்கள். தடம் மாறினால் சாம்பியனுக்கும் முதல் பாடம் உண்டு. பதின்மூன்றாம் இடத்திலிருந்து தொடங்குவது அவமானம் அல்ல.

இரண்டாவது, சூழல். கரிவரதன் போன்றவர்கள் தடமும் காரும் அமைத்துக் கொடுத்ததால்தான் ஒரு நரேன் வந்தார். 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடந்தது. அதை வேடிக்கை என்று மட்டும் எண்ணாமல், பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு அதில் இயந்திரம், டயர், பாதுகாப்பு, கணக்கு என எத்தனை துறைகள் இருக்கின்றன என்று காட்டலாம்.

மூன்றாவது, வேகத்துக்கு உரிய இடம். புத்த தடத்தை ஒட்டியே யமுனா எக்ஸ்பிரஸ்வே செல்கிறது. மதிலுக்கு உள்ளே 300 கி.மீ. வேகம், வெளியே காருக்கு உச்சவரம்பு 100. உள்ளே ஓடுபவருக்குக் கூண்டும், தலையையும் கழுத்தையும் தாங்கும் கருவியும், தயார் நிலையில் மருத்துவரும் உண்டு. எதிரே மாடோ டிராக்டரோ வராது. வெளியே இவை எதுவும் இல்லை. மேலே சொன்ன கணக்கில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் வளைவில் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வாலிபருக்கு இதைக் கோபத்தால் புரியவைக்க முடியாது, கணக்கால் முடியும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து அவன் குற்றம் புரிந்தால், 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கே மூன்றாண்டுச் சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க இடமுண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பிள்ளைகளுக்குச் சில கணக்குகள்

1. மார்ட்டின்ஸ்வில்லில் ஒரு சுற்று 0.526 மைல். 250 சுற்று ஓடினால் எத்தனை கிலோமீட்டர்? (ஒரு மைல் 1.609 கி.மீ.)

2. 875 மீட்டர் ஆரமுள்ள அதே ரயில் வளைவில் வேகத்தை 50 கி.மீ. ஆகக் குறைத்தால் வெளித் தண்டவாளத்தை எவ்வளவு உயர்த்த வேண்டும்?

3. மார்ட்டின்ஸ்வில்லில் ஒரு சுற்றுக்கு இரண்டு முழுத் திருப்பங்கள். 250 சுற்றில் எத்தனை முறை பிரேக் பிடித்துத் திரும்ப வேண்டும்?

விடைகள்: 1) சுமார் 211.6 கி.மீ.; ஏறத்தாழ தில்லியிலிருந்து ஆக்ரா போகும் தூரம். 2) சுமார் 39 மி.மீ.; முன்பு வந்ததில் நான்கில் ஒரு பங்கு. 3) 500 முறை.

பெற்றோர் உடன் உட்கார்ந்து இந்தக் கணக்குகளைப் போட்டுப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது கணக்கை மட்டும், வண்டி ஓட்டக் கற்கும் வயதில் உள்ள பிள்ளையையே போடச் சொல்லுங்கள்.